ரம்பத்துக்குப் பலியாகும் பொருட்கள் - ஒரு சின்ன வரலாறு

தச்சுப் பட்டறைப் பக்கம் போனால், அரை விரல் இல்லாத ஒருவரையாவது பார்த்திருப்பீர்கள். பல சமயம் அதற்குக் காரணம் வட்ட ரம்பம்தான். அந்த விரல்களைக் காப்பாற்ற மனிதன் என்னென்ன பொருட்களைத் தேடினான் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வட்ட ரம்பம் பற்றிப் பேசும் பழைய காப்புரிமை, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777-ல் வாங்கியது. கை ரம்பத்தில் மரம் அசையாது, ரம்பம்தான் நகரும். டேபிள் சாவிலோ தலைகீழ்! ரம்பம் ஒரே இடத்தில் சுற்றும், மரத்தை நாம் தள்ள வேண்டும். மரத்தோடு கையும் போகும். ஆபத்து அங்கேதான்.

முதல் பாதுகாப்பு, தள்ளுவதற்கு ஒரு குச்சி. இரும்பில் செய்யலாமே? கூடாது. இரும்பு பட்டால் பிளேடின் கார்பைடு பல் உடைந்து தெறிக்கும். மரக்குச்சி பட்டால் குச்சிதான் வெட்டுப்படும்.

அடுத்தது, பிளேடு மேலே வரும் வாயில் பதிக்கும் தகடு. பிளேடு சாயவும் இடம் வேண்டுமே என்று இரும்புத் தகட்டில் அகலமான துளை விடுவார்கள். அதில் சின்னத் துண்டுகள் விழுந்து சிக்கித் தெறிக்கும். இதற்குத் தச்சர்கள் கண்ட வழி அருமையானது. துளையே இல்லாத தகட்டைப் பதித்து, சுற்றும் பிளேடை மெதுவாக மேலே ஏற்றுவார்கள். பிளேடு தனக்கு வேண்டிய துளையைத் தானே வெட்டிக்கொள்ளும்! அப்படியானால் தகடு வெட்டுப்படும் பொருளாக இருக்க வேண்டும். எம்.டி.எஃப் ஈரத்தில் ஊதிவிடும். நல்ல பிளைவுட் பரவாயில்லை. பீனாலிக் தகடு ஊதாது, வளையாது. 1907-ல் லியோ பேக்லேண்ட் கண்டுபிடித்த பேக்கலைட்டின் வாரிசு அது.

எல்லாமே வெட்டுப்படும் பொருளாக இருந்துவிட முடியாது. வெட்டிய மரம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் இருக்க, பின்னால் நிற்கும் பிளவுக் கத்தி எஃகுதான்.

கடைசியாக வந்தவர் ஸ்டீபன் காஸ். இயற்பியல் படித்த அமெரிக்கக் காப்புரிமை வக்கீல். 1999-ல் அவருக்கு வந்த யோசனை, 2004-ல் 'சாஸ்டாப்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிளேடில் சிறு மின் சமிக்ஞை ஓடும். விரல் பட்டால் அது மாறும். உடனே ஒரு ஸ்பிரிங் அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் தள்ளும். சுமார் 5 மில்லி விநாடியில் பிளேடு நின்றுவிடும்! ஏன் அலுமினியம்? பற்கள் அதற்குள் புதைந்து மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கட்டையும் பிளேடும் வீண், விரல் பத்திரம்.

ஆனால் விலை அதிகம். பெரிய கம்பெனிகளும் ஆரம்பத்தில் இதை வாங்கவில்லை. 2017-ல் மட்டும் அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு டேபிள் சா காயத்தோடு வந்தவர்கள் ஏறக்குறைய 30 ஆயிரம் பேர். இந்தியாவில் 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டமோ, மின்சாரம் வைத்து 10 பேருக்குக் குறைவாக வேலை செய்த பட்டறைகளைப் பொதுவாகத் தொடாமலே இருந்தது. நம் தெருவோரப் பட்டறைகள் பெரும்பாலும் அந்த அளவுதான்.

சாஸ்டாப் வாங்க எல்லோராலும் முடியாது, சரி. தள்ளுகுச்சியும் பிளைவுட் தகடும் பட்டறையில் மிஞ்சிய துண்டிலேயே செய்துவிடலாமே. ஏதாவது ஒன்று ரம்பத்துக்குப் பலியாகத்தான் வேண்டும் என்றால், அது பத்து ரூபாய்க் கட்டையாக இருக்கட்டும்.