தஞ்சைப் பள்ளிக் கடிதங்கள்

தஞ்சைப் பள்ளிக் கடிதங்கள் என்று இங்கே குறிக்கப்படுபவை, காவிரிப் படுகையில் பள்ளி நடத்தியவர்களும் நடத்த விரும்பியவர்களும் 1706 முதல் ஏறத்தாழ 1820கள் வரை எழுதிய மடல்களும் அறிக்கைகளும் ஆகும். தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கும் டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கும், தஞ்சைக் கோட்டையிலிருந்து சென்னைக்கும் லண்டனுக்கும் அவை போயின. வாத்தியாருக்கு யார் சம்பளம் தருவது, பிள்ளைகளுக்குப் பள்ளியே சோறு போட வேண்டுமா, எந்த மொழியில் தொடங்குவது, எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைக்கலாமா என்ற நடைமுறைக் கேள்விகளே அவற்றின் பொருள். எழுதியவர்களில் லுத்தரன் குருமார் உண்டு, கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரி உண்டு, மராட்டிய மன்னர் ஒருவரும் உண்டு. அவர்களுடைய நோக்கங்கள் வேறுபட்டன. ஆனால் இந்த மண்ணின் திண்ணைப் பள்ளியோடு ஏதோ ஒரு வகையில் உறவு கொள்ளாமல் அவர்களில் எவராலும் பள்ளி நடத்த முடியவில்லை.

பின்னணி: திண்ணைப் பள்ளி

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே படுகை ஊர்களில் பள்ளிகள் இருந்தன. வாத்தியார் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி என எங்கும் அவை நடந்தன. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுத்தை எழுதி, வாயால் உரக்கச் சொல்லும். கை தேறிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி முடிந்தால் எண்சுவடி, பிறகு ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி. வேலியில் இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி என்று நிலம் அளந்த நாட்டில், பின்னக் கணக்கான கீழ்வாயிலக்கம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாயிற்று. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சிறுவர்களுக்கு முறை சொல்லிக் கொடுப்பான். வாத்தியாருக்கு அறுவடையில் நெல், நாள்கிழமைகளில் காசும் துணியும் கிடைத்தன. பெண் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கும், சேரிப் பிள்ளைகளுக்கும் இந்தத் திண்ணையில் இடமில்லை.

தரங்கம்பாடியும் ஹாலேயும்

தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் 1620இல் டேனியருக்கு விட்டுக்கொடுத்த தரங்கம்பாடியில், 1706 ஜூலை 9 அன்று லுத்தரன் குருமாரான பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹைன்ரிக் புளூட்சோவும் வந்திறங்கினர். ஊர்ப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதியே சீகன்பால்கு தமிழ் கற்றார். 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். பள்ளி திறக்க வந்தவர் முதலில் மாணவராக இருந்தார் என்பது இந்த வரலாற்றின் சிறப்பான தொடக்கம்.

அவருடைய மடல்கள் பெரும்பாலும் ஹாலேயில் இருந்த அகஸ்ட் ஹெர்மன் பிராங்கேக்குப் போயின. பிராங்கே 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, அதை அநாதை இல்லம், ஆசிரியர் பயிற்சி, அச்சகம், மருந்தகம் கொண்ட பெரும் நிறுவனமாக வளர்த்தவர். உலகப் பொருள்களை நேரில் காட்டிக் கற்பிப்பது, பாடத்துக்குப் பாடம் திறமையைப் பார்த்து வகுப்புப் பிரிப்பது ஆகியவை ஹாலேயின் வழிகள். அந்த நிறுவனத்தின் வடிவமே சிறிய அளவில் தரங்கம்பாடியிலும் எழுந்தது. 1707இல் பெண் குழந்தைகளுக்கும் பள்ளி தொடங்கியது. தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு உணவும் உடையும் பள்ளியே தந்தது. லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. 1716இல் உள்ளூர் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி திறந்தது.

கப்பல் ஏறத்தாழ ஏழு மாதம் ஓடிய காலம் அது. ஒரு கேள்விக்கு விடை வருவதற்குள் பள்ளியின் ஓராண்டு கழிந்துவிடும். ஆகவே எழுதியவர்கள் செலவு, மாணவர் நிலை, பாடமுறை எல்லாவற்றையும் விரித்தே எழுதினார்கள். பிராங்கே 1710 முதல் இவற்றைத் தொடராக அச்சிட்டார். அதற்கு முந்திய ஆண்டே லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்திருந்தது. தரங்கம்பாடிப் பள்ளியின் செய்தி இப்படி ஐரோப்பிய வீடுகளில் வாசிக்கப்பட்டு நன்கொடையாகத் திரும்பியது.

கோபன்ஹேகனின் மறுப்பு

இந்தக் கடிதப் போக்குவரத்து எப்போதும் இணக்கமாக இருக்கவில்லை. கோபன்ஹேகன் சமயப்பணிக் குழுவின் செயலர் கிறிஸ்டியன் வெண்ட், திருத்தூதர்களைப் போலக் கையில் ஒன்றுமின்றி ஊர் ஊராகச் சென்று போதிப்பதே ஊழியம், கட்டடமும் பள்ளியும் வீண் சுமை என்று கருதிக் கடுமையாக எழுதினார். ஆன்மாவுக்குச் செய்யும் தொண்டும் உடலுக்குச் செய்யும் தொண்டும் பிரிக்க முடியாதவை என்பது சீகன்பால்கு, அவருடைய உடன் ஊழியர் கிரண்ட்லர் இருவரின் நிலை. பசித்த பிள்ளைக்குச் சோறின்றிப் பாடமில்லை என்பதைத் தரங்கம்பாடியில் இருந்தவர்கள் நாள்தோறும் கண்டார்கள். கோபன்ஹேகனில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. சீகன்பால்கு 1719இலும் கிரண்ட்லர் 1720இலும் இறந்தார்கள். அவர்கள் தொடங்கிய பள்ளிகள் நின்றுவிடவில்லை.

ஸ்வார்ட்ஸும் சல்லிவனும்

ஹைதர் அலியின் படை 1781இல் தஞ்சை நாட்டைச் சூறையாடியது. வயல்கள் தரிசாயின, பஞ்சம் வந்தது. அப்போது தஞ்சையில் இருந்த லுத்தரன் குரு கிறிஸ்டியன் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ் பசித்தவர்களுக்கு உணவு திரட்டினார். போர் ஓய்ந்ததும், தஞ்சை ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன் மாகாணப் பள்ளிகளுக்கான திட்டம் ஒன்றை முன்வைத்தார். உள்ளூர் மக்களும் கும்பெனியாரும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்கள் குறுக்கிடாமல் பேசிக்கொள்ள ஆங்கிலம் கற்பிப்பது அதன் நோக்கம். தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் 1784, 1785 ஆண்டுகளில் பள்ளிகள் எழுந்தன. 1787இல் கும்பெனி இயக்குநர்கள் பள்ளிக்கு ஆண்டுக்கு 250 வராகன் வீதம் ஒதுக்கி, பொறுப்பை ஸ்வார்ட்ஸிடம் விட்டனர்.

சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர், வணிகர் வீட்டுப் பிள்ளைகள். மாணவரை மதம் மாற்ற வஞ்சகமான வழி எதையும் கையாளக் கூடாது என்று ஸ்வார்ட்ஸ் எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தார். குருவாகவே வாழ்ந்த ஒருவர் பெற்றோரின் நம்பிக்கையைப் பள்ளியின் அடித்தளமாக வைத்தது பெரிய முடிவு. அதே சமயம், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம், உத்தியோகம் என்ற பாதையும் இங்கேதான் தொடங்கியது.

சரபோஜியின் மடல்

தஞ்சை மராட்டிய மன்னர் துளஜாவின் தத்துப் பிள்ளை சரபோஜி, துளஜாவுக்குப் பின் ஆண்ட அமர்சிங்கின் ஆட்சியில் படிப்பின்றி அடைத்து வைக்கப்பட்டிருந்தார். சிறுவனின் நிலையை ஸ்வார்ட்ஸ் சென்னை அரசுக்கு எழுதினார். 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு, கெரிக்கே என்ற குருவிடம் பயின்றார். 1798இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே நாட்டு நிர்வாகம் கும்பெனி கைக்குப் போயிற்று.

இராமேசுவர யாத்திரைப் பாதையில் இருந்த சத்திரங்களும் தம் கையை விட்டுப் போகுமோ என்ற கவலையில், 1801இல் அவர் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு மடல் எழுதினார். சத்திரத்துக்குள் பள்ளி எப்படி நடக்கிறது என்பதை அதில் விளக்கினார். நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர்கள், ஒரு பள்ளி வாத்தியார், மருத்துவர்கள் அங்கே இருந்தனர். வழிப்போக்கரின் அநாதைக் குழந்தைகள் வாத்தியாரின் பொறுப்பில் வளர்ந்தார்கள். அவர்களுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், உடை, மருந்து தரப்பட்டன. விரும்பிய கலையைக் கற்கலாம். படித்து முடித்தால் திருமணச் செலவையும் சத்திரமே ஏற்கும். அதே 1801இல் சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோசி, குழந்தைக் கல்வி பற்றிய தம் புகழ்பெற்ற நூலைக் கடித வடிவில் வெளியிட்டார். ஐரோப்பாவில் கல்விச் சீர்திருத்தம் என்று எண்ணப்பட்டதன் ஒரு பகுதி, தஞ்சைச் சத்திரங்களில் அன்றாட நடைமுறையாக இருந்தது.

சரபோஜி அதை மேலும் விரித்தார். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்திலும் தஞ்சையிலும் பல மொழிப் பள்ளிகளை நடத்தினார். தேவநாகரி அச்சகம் நிறுவினார். ஈசாப் கதைகளின் மராத்தி ஆக்கமான பாலபோத முக்தாவளி 1806இல் அங்கே அச்சாயிற்று. உலக நிலவியலைக் குறத்தியின் பாட்டாகச் சொல்லும் தேவேந்திர குறவஞ்சியை மராத்தியில் இயற்றினார். ஸ்வார்ட்ஸின் மாணவரும் தரங்கம்பாடியில் பயின்றவருமான வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில் புதிய வானியலைப் பாடியிருந்தார். புதிய அறிவை மக்கள் அறிந்த பாட்டு வடிவில் தர வேண்டும் என்பதில் மன்னரும் புலவரும் ஒன்றுபட்டனர்.

மணல் தட்டு லண்டன் சென்ற கதை

சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அம்முறையைத் தம் துணையாசிரியர்கள் ஏற்காததால், எட்டு வயது ஜான் பிரிஸ்கனிடம் சிறுவர்களை ஒப்படைத்தார். சட்டாம்பிள்ளை முறை இவ்வாறு 1797இல் அச்சான அறிக்கை வழியாக ‘மெட்ராஸ் முறை’ ஆயிற்று. லண்டனில் ஏழைப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர் 1804 இறுதியில் பெல்லுக்கு மடல் எழுதிப் பின்னர் நேரிலும் சென்று பார்த்தார். லங்காஸ்டர் அதுவரை ஈர மணலைப் பயன்படுத்தித் திண்டாடினார். மணல் உலர்ந்திருக்க வேண்டும் என்று பெல்லிடம் தெரிந்துகொண்டார். தமிழ்ப் பிள்ளை எதுவும் கேட்காமலே அறிந்திருந்த அந்தச் சிறு விவரம், ஆயிரக்கணக்கான இங்கிலாந்துப் பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சியை எளிதாக்கியது.

ஜானின் இலவசப் பள்ளிகள்

1771 முதல் தரங்கம்பாடியில் பணியாற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், முதுமையில் பார்வை மங்கிய நிலையில், சுற்றுவட்டாரத்தில் 15 தமிழ்ப் பள்ளிகளையும் 5 ஆங்கிலப் பள்ளிகளையும் இலவசமாக நடத்தினார். ஈராண்டு அனுபவத்தை விவரிக்கும் அவருடைய அறிக்கை 1813இல் லண்டனில் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் இறந்தார். சாதி வேற்றுமையின்றிப் பிள்ளைகளைச் சேர்ப்பது அவருடைய கொள்கை. 1814இல் வந்த ஷ்னாரே என்ற குரு அப்பள்ளிகளின் பொறுப்பை ஏற்றார். ஆனால் ஒன்றாக அமர்வது பற்றிய பூசல் தீரவில்லை. புதிய குருமார் சாதி வழக்கங்களைத் தடை செய்தபோது, வேதநாயகம் சாஸ்திரியாரே 1829இல் ‘ஜாதி திருத்தலின் பயித்தியம்’ எழுதி எதிர்த்தார். வானியலில் புதுமையை வரவேற்ற பெரும் புலவர், பந்தியில் பழமையை விடவில்லை என்பதையும் வரலாறு பதிந்தே ஆக வேண்டும்.

கணக்கெடுப்பும் எச்சங்களும்

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணக் கல்வி பற்றி விசாரிக்க ஆணையிட்டார். தஞ்சை ஆட்சியரின் 1823 அறிக்கை 884 பள்ளிகளையும் 109 உயர்கல்விக் கூடங்களையும் கணக்கிட்டது. இதன் பிறகு பள்ளி பற்றிய எழுத்து மெல்ல மெல்ல அரசு அலுவலகப் படிவமாக மாறியது. டேனியர் 1845இல் தரங்கம்பாடியை விற்றுச் சென்றனர்.

ஸ்வார்ட்ஸின் பள்ளி மரபில் 1784ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் தூய பேதுரு பள்ளி இன்றும் தஞ்சையில் நடக்கிறது. தரங்கம்பாடி மடல்கள் ஹாலேயில் பிராங்கே நிறுவன ஆவணக் காப்பகத்திலும், தஞ்சை அரண்மனையின் மோடி எழுத்து ஆவணங்கள் சரசுவதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் காக்கப்படுகின்றன.

மதிப்பீடு

பள்ளி என்பது பாடம் மட்டும் அன்று, சோறும் சம்பளமும் பெற்றோரின் நம்பிக்கையும் சேர்ந்தது என்பதே நூறாண்டுக்கு மேல் நீண்ட இம்மடல்களின் முடிவு. காமராசர் 1956இல் கொண்டுவந்த மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவும் அதே அறிவை அரசின் கடமையாக உயர்த்தின. சத்திரத்தில் சில நூறு பிள்ளைகளுக்குக் கிடைத்தது, சாதி பாராமல் எல்லாருக்கும் உரிமையாயிற்று.

இம்மடல்களில் குருமார், அதிகாரிகள், மன்னர் ஆகியோரின் பெயர்கள் நிற்கின்றன. சீகன்பால்குவுக்கு எழுத்தறிவித்த வாத்தியாரும், ஜானின் இருபது பள்ளிகளில் நாள் முழுதும் உழைத்தவர்களும் பெரும்பாலும் பெயரின்றியே வருகிறார்கள். சீர்திருத்தவாதிகள் எழுதிய ஒவ்வொரு திட்டமும் அவர்கள் தோளில்தான் நடந்தது. தமிழகக் கல்வி வரலாற்றில் பிராங்கே, பெல் ஆகியோருக்குத் தரும் அதே இடத்தை அந்தத் திண்ணை வாத்தியார்களுக்கும் தருவதே நேர்மையான கணக்கு.