ஐந்து டாலர் கூலி: பணம் வாங்கியது எதை?

நிர்வாகவியல் வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு 1914-ல் தன் தொழிலாளிகளின் கூலியை ஒரேயடியாக இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தினார். தான் செய்யும் காரைத் தன் தொழிலாளியும் வாங்க வேண்டும் என்று அவர் நினைத்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு இடிக்கிறதே! அப்போது அவரிடம் இருந்தவர்கள் சுமார் 14,000 பேர். ஆண்டுக்கு 2 லட்சம் கார்களுக்கு மேல் செய்யும் கம்பெனியில், அத்தனை பேரும் ஆளுக்கொரு கார் வாங்கினாலும் அது எத்தனை பெரிய வியாபாரம்?

உண்மையான காரணம் வேறு. அந்த வேலையில் யாரும் நிலைத்து நிற்கவில்லை.

வேலை எப்படி மாறியது?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஃபோர்டு கம்பெனி 1903-ல் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் கார் ஓரிடத்தில் நிற்கும். தொழில் தெரிந்த மெக்கானிக்குகள் அதைச் சுற்றி நின்று, வேண்டிய பாகங்களை எடுத்து வந்து, பொருந்தாததை அரத்தால் அராவிப் பொருத்தி முடிப்பார்கள். 'இது நான் செய்த வண்டி' என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருந்தது.

1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் இது தலைகீழானது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை ஒருவரே முழுதாகச் செய்ய 20 நிமிடம் ஆகும். அந்த வேலையை 29 பேருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்ததும் 13 நிமிடமாகக் குறைந்தது. பிறகு 5 நிமிடம்! அதே முறை வண்டியின் சட்டகத்துக்கும் வந்தது. சங்கிலி இழுக்க, வண்டி நகர்ந்தது. தொழிலாளி நின்ற இடத்திலேயே நின்றார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை 1914 தொடக்கத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

போல்ட்டைச் செருகுபவர் நட்டைப் போட மாட்டார். நட்டைப் போடுபவர் அதை முறுக்க மாட்டார். ஒருவருக்கு ஒரே அசைவு, நாள் முழுக்க அதே. வேகத்தைத் தீர்மானித்தது கையல்ல, சங்கிலி.

தொழிலாளிகள் கூட்டம் போட்டுப் புகார் சொல்லவில்லை. பேசாமல் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். 1913-ல் அங்கே ஆள் மாற்ற விகிதம் 370 சதவீதம். அதாவது சுமார் 14,000 இடங்களை நிரப்பி வைக்க ஒரே வருடத்தில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது! தினமும் பத்தில் ஒருவர் வரவில்லை. ஒவ்வொரு புது ஆளுக்கும் பழக்கும் செலவு, அவர் கெடுக்கும் பொருளின் செலவு... எல்லாம் கம்பெனி தலையில்தான் விழுந்தது.

அறிவிப்பும் நிபந்தனைகளும்

1914 ஜனவரி 5-ம் தேதி அறிவிப்பு வந்தது. 9 மணி நேரத்துக்கு 2.34 டாலர் என்றிருந்த தினக்கூலி, இனி 8 மணி நேரத்துக்கு 5 டாலர். மறுநாளே வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 12 அன்று, உறைய வைக்கும் குளிரில் நின்ற அந்தக் கூட்டத்தின் மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் கலைத்தார்கள்.

உள்ளே இருந்தவர்களுக்கும் ஐந்து டாலர் சும்மா வரவில்லை. அதில் 2.34 டாலர்தான் கூலி, மீதி 2.66 'லாபப் பங்கு'. ஆறு மாத சர்வீஸ் இருக்க வேண்டும். பெண்களுக்கு முதலில் அந்தப் பங்கு இல்லை, 1916-ல்தான் கிடைத்தது. கம்பெனியின் 'சமூகவியல் துறை' ஆட்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமா, வாடகைக்கு வெளியாட்களைத் தங்க வைத்திருக்கிறாரா? தேறாதவர்களுக்குப் பங்கு நிறுத்தப்படும்.

பலன் கிடைத்ததா என்றால், கம்பெனிக்குக் கிடைத்தது. 370 சதவீதம் 1914-ல் 54 ஆகவும், 1915-ல் 16 ஆகவும் இறங்கியது. லாபம் ஏறியது. செலவைக் குறைக்கத் தான் எடுத்த மிகச் சிறந்த நடவடிக்கைகளில் இது ஒன்று என்று ஃபோர்டே 1922-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். தானம் என்று அவரே சொல்லவில்லை!

தொழிலாளி என்ன நினைத்தார்?

1914 ஜனவரியிலேயே ஒரு தொழிலாளியின் மனைவி ஃபோர்டுக்கு எழுதிய கடிதம் வரலாற்றாசிரியர்கள் பலரும் எடுத்துக்காட்டுவது. இந்தச் சங்கிலி முறை அடிமைகளை விரட்டுவது போல இருக்கிறது, கணவர் வீட்டுக்கு வந்ததும் அப்படியே விழுந்து கிடக்கிறார், சாப்பிடக்கூட மறுக்கிறார் என்று அவர் எழுதினார். ஐந்து டாலர் பெரிய வரம்தான் என்றும் அதே கடிதத்தில் சொன்னார். ஆனால் அதை அவர்கள் உழைத்துத்தான் சம்பாதிக்கிறார்கள் என்றும் எழுதினார்.

ஃபோர்டு தன் புத்தகத்தில் இன்னொன்றும் சொல்கிறார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது தனக்குப் பயங்கரமாகத் தோன்றுமாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லையாம். 1913-ல் விட்டுப் போன அத்தனை பேரின் கணக்கும் அவர் ஆபீசிலேயே இருந்தது. பிறகு எப்படி அப்படி எழுத முடிந்தது?

ஐந்து டாலர் தொழிலாளியை மறுநாளும் வர வைத்தது. அதனால் அவருடைய வீட்டில் அடுப்பெரிந்தது; அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் விட்டுப் போவது நின்றதாலேயே வேலை பிடித்துவிட்டது என்று ஆகாது. இன்றும் 'எங்களிடம் யாரும் ராஜினாமா செய்வதில்லை' என்று ஒரு கம்பெனி பெருமைப்பட்டால், சம்பளப் பட்டியலோடு அந்த வீட்டுப் பெண்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.