ஈயமும் தாளும்: தரங்கம்பாடி அச்சகத்தின் கதை

தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆண்டையும் ஆளையும் குறித்துவிட்டு அப்பால் நகர்ந்துவிடுகின்றனர். 1578இல் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டதும், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பின்னர் அங்கு அச்சகம் நிறுவியதும் பலரும் அறிந்தவை. அச்சுப்பொறி, அதனை இயக்கிய நிறுவனம், அவ்விரண்டும் வந்திறங்கிய மண் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு மாற்றின என்பதே போதிய அளவு ஆராயப்படாத பகுதி.

தரங்கம்பாடி அன்று டேனியர் ஆட்சியிலிருந்த சிறு துறைமுகம். சமயப் பணியாளர்கள் ஜெர்மானியர். அச்சுப்பொறியை அனுப்பியதோ இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம். பொறியை ஏற்றிவந்த கப்பலைப் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். மீட்கப்பட்ட பொறி 1712இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது. அதனுடன் புறப்பட்ட அச்சர் வழியிலேயே இறந்துபோனார்.

ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவை மிகப் பெரியவை, தாளை விழுங்கின. தாளோ ஐரோப்பாவிலிருந்து கடல்வழி வரவேண்டிய அரும்பொருள். அவ்வெழுத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிடத் தாள் போதாது. ஆகவே சிறிய எழுத்துகள் அங்கேயே வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டி வந்த கலங்களின் ஈய உறைகளும் இதற்காக உருக்கப்பட்டன என்பர். 1714இல் முதற்பகுதியும் 1715இல் எஞ்சிய பகுதியும் வெளிவந்தன. அருகிலுள்ள பொறையாற்றில் எழுத்து வார்ப்பகமும் காகித ஆலையும் தோன்றின. ஆலை நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆக, தமிழ் அச்செழுத்தின் அளவைக் குறுக்கியது அழகுணர்ச்சியன்று, தாள் தட்டுப்பாடே.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதப்பட்டன. ஈய எழுத்துக்கு அந்த அச்சம் இல்லை. ஆயினும் 'தம்பிரான் வணக்கம்' புள்ளியின்றியே அச்சாயிற்று. கருவி மாறியும் கண்ணின் பழக்கம் மாறவில்லை. (யாப்பு பயின்றோர்க்கு மெய்யையும் உயிர்மெய்யையும் ஊகித்துப் படிப்பதில் உள்ள இடர்ப்பாட்டை விளக்க வேண்டியதில்லை.)

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறி போர்ப்பொருளாகச் சென்னைக்குச் சென்றது. வேப்பேரியிலிருந்த ஃபெப்ரிசியுஸ் அதனைப் பெற்றார்; கும்பினியின் வேலைகளையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்பது நிபந்தனை. சமயப்பணிக்கு வந்த கருவி அவ்வகையில் ஆட்சிப்பணியும் செய்தது. 1779இல் வெளிவந்த அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி அந்த வேப்பேரி அச்சகத்தின் விளைவே.

கருவி கைமாறிய கதையில் மிகக் கூர்மையான திருப்பம் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. பீட்டர் பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1849இல் சென்னையிலிருந்து அச்சுப்பொறி வாங்கிச் சென்று வண்ணார்பண்ணையில் நிறுவினார். பாலபாடங்களும் சைவ நூல்களும் அதிலிருந்து வெளிவந்தன.