நாம் வாழும் பால்வீதி

நமுனுகுல என்றால் ஒன்பது சிகரங்கள் என்பது பொருள். தொலைவில் நின்று காண்போர்க்கு அம்மலையின் வடிவம் புலப்படும். அதன் சரிவிலுள்ள லயத்தில் வாழ்வோர்க்கோ எதிரேயுள்ள தேயிலை மலையே கண்ணை மறைக்கும். பால்வீதியைப் பொறுத்தவரை மனிதர் அனைவரும் லயத்தில் வாழ்வோரே. நிலவற்ற இரவில் நம் வாசலில் நின்று காணும் அவ்வெண்பட்டை, பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களைக் கொண்ட மண்டலமாகும். நம் சூரியனும் அதனுள் ஒன்று. அதற்கு அப்பால் வேறு மண்டலங்கள் உண்டோ என்பதில் 1920இலும் அறிஞர் ஒருமித்தாரில்லை.

அதற்கு விடைகாணும் அளவுகோலைத் தந்தவர் ஹென்றியெற்றா லெவிற் என்னும் அம்மையார். செவிப்புலன் குன்றிய அவர், அமெரிக்காவின் ஹாவாட் வானாய்வு நிலையத்தில் குறைந்த கூலிக்கு ஒளிப்படத் தட்டுகளைப் பார்த்து விண்மீன்களின் ஒளியை அளந்தார். சிறிய மகெல்லன் முகிலில் ஒளி கூடிக் குறையும் 25 விண்மீன்களை ஆராய்ந்து, அம்மாற்றத்துக்கு எடுக்கும் காலம் நீளுந்தோறும் உண்மை ஒளியும் மிகும் என 1912இல் காட்டினார். காலத்தைக் கணித்தால் உண்மை ஒளி தெரியும். அதனைத் தோற்ற ஒளியுடன் ஒப்பிட்டால் தூரம் தெரியும்.

பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924இல். அதற்கு முந்திய ஆண்டிலே எட்வின் ஹபிள் அந்திரோமீடாவில் இத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டு, அது நம் மண்டலத்துக்குப் புறம்பானது எனத் தெளிந்தார். இன்றைய கணக்கில் அதன் தூரம் 25 இலட்சம் ஒளியாண்டுகள். அந்திரோமீடா, பால்வீதி, முக்கோண மண்டலம் ஆகிய பெரிய மூன்றும், மகெல்லன் முகில்கள் முதலிய சிறியனவுமாக ஐம்பதுக்கு மேற்பட்டவை ஈர்ப்பினால் பிணைந்த ஒரு குழுவாகும். அதுவே நம் அயல்.

இனி, நம் மண்டலத்தின் வடிவம். அதன் மையத்தைத் தூசி மூடியுள்ளது. சுருட்கரங்களுக்கு நடுவே கோல்போல் நீண்ட விண்மீன் திரள் இருக்கலாமென 1964இல் தெ வொக்குலர் கருத்துரைத்தார். தூசியை ஊடுருவும் அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ட ஸ்பிற்சர் தொலைநோக்கி 2005இல் அக்கோலை உறுதிப்படுத்தியது.

ஹபிளின் முடிவைக் காண லெவிற் அம்மையார் உயிருடன் இல்லை, 1921இலேயே மறைந்துவிட்டார். எனினும் அவர் தந்த கோலே இன்றும் மண்டலங்களை அளக்கின்றது. கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகளே! குறைந்த கூலிக்கு உழைத்த ஒரு பெண்ணின் கணக்கினால் வானம் விரிந்ததை நாம் மறவாதிருப்போமாக. நம் வீட்டுப் பெண் பிள்ளைகளின் கையிலும் புத்தகத்தைக் கொடுப்போமாக.