மழலையரின் ஆசிரியை: அன்பும் பயிற்சியும்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் கற்பிக்க வருகிறவரிடம் நாம் பட்டங்களைக் கேட்கிறோம். மூன்று வயதுக் குழந்தையை ஏற்றுக்கொள்ள வருகிறவரிடம் எதையும் கேட்பதில்லை. "பிள்ளைகளிடம் அன்பாக இருந்தால் போதாதா?" என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். அன்பு தேவைதான். ஆயினும் அந்த அன்புக்கும் ஒரு பயிற்சி வேண்டும் என்பதை உணர்ந்தவர்கள் கடந்த இரு நூற்றாண்டுகளில் நடந்துவந்த பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

இப்பாதையின் தொடக்கத்தில் நிற்பவர் ஜெர்மானியரான பிரடெரிக் பிரோபெல். 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் இளஞ்சிறாருக்கென ஒரு பள்ளியை நிறுவி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். தோட்டம் என்றால் தோட்டக்காரரும் வேண்டுமல்லவா? இளம் பெண்களை அப்பணிக்குப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். 1851இல் பிரஷ்ய அரசு அவருடைய பள்ளிகளுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார். 1860இல்தான் தடை நீங்கியது. பள்ளிகள் மூடப்பட்டாலும் பயிற்சி பெற்ற பெண்களை எந்த ஆணையாலும் மூடிவிட முடியவில்லை. அவர்கள் சென்ற நாடுகளிலெல்லாம் அந்தத் தோட்டம் தளிர்த்தது.

அடுத்து நாம் காண்பது உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பு. 1907ஆம் ஆண்டு சனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா நாள். வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு அங்கே 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் மருத்துவரான மரியா மாண்டிசோரி. ஆனால் நாள்தோறும் குழந்தைகளோடு இருந்தவர் ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறாத ஓர் எளிய பெண். கருவிகளை எவ்வாறு கையில் கொடுப்பது, எப்போது ஒதுங்கி நிற்பது என்பவற்றை மாண்டிசோரி அவருக்குக் காட்டிக்கொடுத்தார். பழைய பள்ளி வழக்கங்கள் படியாத அப்பெண், சொன்னதைச் சொன்னபடி செய்தார். அந்த இல்லத்தில் குழந்தைகள் தாமாக விரும்பி, ஆழ்ந்த கவனத்தோடு வேலை செய்ததை உலகம் வியந்து பார்த்தது.

இதைக் கொண்டு 'பயிற்சியே தேவையில்லை' என்று மாண்டிசோரி முடிவு கட்டியிருக்கலாம். அவரோ 1909இல் சித்தா டி காஸ்தெல்லோ நகரில் ஆசிரியர்களுக்கான முதல் பயிற்சியை நடத்தினார். ஓர் எளிய பெண்ணால் இயன்றது பலருக்கும் இயலும். ஆனால் அவர் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தவரைப் போல ஒருவர் எல்லாருக்கும் கிடைக்கவேண்டும். அதற்குப் பயிற்சியே வழியாயிற்று. மெசினா நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக உரோமையில் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகளின் மடத்திலும் குழந்தைகள் இல்லம் ஒன்று அமைந்தது. நம் உதகமண்டலத்தில் தொடக்கம் கண்டு, 1877இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் அனுமதி பெற்ற சபை அது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அவர் வகுத்த பயிற்சியில் கருவிகளைப் பற்றிய அறிவு ஒரு பாதி; ஆசிரியரின் அகம் மறு பாதி. குழந்தையை அணுகுமுன் ஆசிரியர் தம்மைத் தாமே ஆராய்ந்து, சினத்தையும் செருக்கையும் களைய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பலவீனமானவர்களிடம்தான் நம் சினம் தடையின்றிப் பாய்கிறது. எதிர்த்துப் பேச இயலாத குழந்தையிடம் அதற்கு அணையே இல்லை. ஒப்புரவு அருளடையாளத்துக்கு முன் மனச்சான்றை ஆய்ந்து பழகிய நமக்கு இப்பயிற்சி புதிதாகத் தோன்றாது.

1939இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, மாண்டிசோரி தம் மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கிய பயிற்சியில் ஏறத்தாழ முந்நூறு பேர் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு மரியோவைக் காவலில் வைத்தது. தாயின் எழுபதாம் பிறந்த நாளான ஆகஸ்டு 31இல் மகனை விடுவித்து, அவருக்குப் பிறந்தநாள் பரிசு அளித்தது. போரால் ஊர் திரும்ப முடியாமற்போன அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. கொடைக்கானலின் குளிரிலும் அகமதாபாத்தின் வெயிலிலும் பயிற்சிகள் தொடர்ந்தன. நம் நாட்டில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்.

ஆயினும் அப்பயிற்சியின் பயன் பெரும்பாலும் நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே எட்டியது. ஏழைக் குழந்தைக்கு எடுத்துச் சென்றவர்கள் வேறு சிலர். வழக்குரைஞர் தொழிலைத் துறந்த கிஜுபாய் பதேகா 1920இல் பவநகரில் பாலமந்திரைத் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், 1945இல் மராட்டியக் கடலோரச் சிற்றூரான போர்டிக்குச் சென்றார். பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வராததைக் கண்டு, பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுசென்றார். முற்றம் என்பதே 'அங்கன்' என்னும் சொல்லின் பொருள். 1975 அக்டோபர் 2இல் நடுவணரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அங்கன்வாடி என்ற பெயரே அதன் மையங்களுக்கு நிலைத்தது. தமிழகத்தில் மட்டும் இன்று 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன.

இன்று இப்பணிக்கு வர விரும்பும் நம் பிள்ளைகளுக்குப் பல வாயில்கள் உண்டு. மேல்நிலைக் கல்வியில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் முன்பருவக் கல்வியில் ஈராண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். மாண்டிசோரி முறைக்கெனத் தனிப் பட்டயங்கள் உள்ளன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலைக் கல்வி முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பையும், அதற்குக் குறைந்த கல்வி பெற்றவருக்கு ஓராண்டுப் பட்டயத்தையும் வகுத்துக் கூறுகிறது.

ஆனால் வாயில் திறந்திருந்தால் மட்டும் போதுமா? உள்ளே செல்பவருக்கு மதிப்பான வாழ்வும் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் பெறுவதை ஊதியம் என்றுகூடச் சொல்லாமல் 'மதிப்பூதியம்' என்றே அரசு எழுதி வந்திருக்கிறது. அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறவே 2022 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது. உணவு வழங்கி, எடை பார்த்து, பதிவேடு எழுதி, எஞ்சிய நேரத்தில் கதையும் பாட்டும் சொல்லும் அப்பெண்ணிடம் நாம் எதிர்பார்ப்பது மிகுதி, கொடுப்பது குறைவு.

சான் லொரென்சோவின் அந்த எளிய பெண்ணை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். நம் ஊர் அங்கன்வாடியில் இருப்பவரும் அவரைப் போன்ற ஒரு பெண்ணே. அன்பு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கும் ஒருவரையும், உழைப்புக்கேற்ற கூலியையும் அவருக்கு அளிப்பது சமூகத்தின் கடன். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவரின் சீடர்களாகிய நாம், அப்பிள்ளைகளை நாள்தோறும் வாசலில் நின்று வரவேற்பவரை இனியேனும் 'ஆசிரியை' என்று மதிப்போடு அழைக்கத் தொடங்குவோமா?