கற்பூர மரமும் என் முகப்பருவும்

சொந்த ஊர் குந்தா. மஞ்சூர்ல பஸ்ஸை விட்டு இறங்கினா டீத்தூள் வாசனையோட தைல வாசனையும் சேர்ந்து மூக்குல ஏறும். சளி, தலைவலி, மூட்டுவலி எதுவானாலும் அம்மாகிட்ட ஒரே மருந்து, நீலகிரித் தைலம். பிளஸ் டூ படிக்கும்போது என் முகம் பூரா பரு. அதுக்கும் அதே பாட்டில்தான்! பஞ்சில் நனைச்சு அப்படியே ஒத்தினேன். கன்னம் எரிஞ்சு, தோல் உரிஞ்சு, ஒரு வாரம் ஸ்கூல் பக்கமே போகலை. அந்தக் கருந்தழும்பு இன்னும் இருக்கு.

வேலைக்கு பெங்களூர் வந்தப்புறம் ரூம்மேட் ஒருத்தன் 'டீ ட்ரீ ஆயில்' கொடுத்தான். "உங்க ஊர் சரக்குதானே மச்சி?" நானும் எஸ்டேட் தேயிலையில எடுக்கிறதுன்னுதான் நினைச்சேன். தேடிப் படிச்சா ரெண்டுமே நம்ம ஊர் இல்லை.

ஜான் சல்லிவன் 1819-ல் முதன்முதலா நீலகிரி ஏறினார். ஊட்டி வளர வளர, குளிர்காய விறகு தேவைப்பட்டது. சோலைக்காடுகள் அடுப்புக்குப் போயின. சீக்கிரம் வளரும் மரம் வேண்டுமென்று 1843-ல் கேப்டன் காட்டன் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸைக் கொண்டுவந்து நட்டார். 1856 முதல் தோப்பு தோப்பாகவே வளர்த்தார்கள். நாம கற்பூர மரம்னு பேர் வச்சுக்கிட்டோம். இலையைப் பாய்லரில் போட்டு ஆவியாக்கி, குழாயில் குளிரவைத்தால் தண்ணீர் மேல் தைலம் மிதக்கும். விறகுக்கு வந்த மரத்தின் எண்ணெய்க்கு மலையோட பேரே வந்துடுச்சு.

டீ ட்ரீயும் ஆஸ்திரேலிய மரம்தான். தேயிலைக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1770-களில் கேப்டன் குக்கின் மாலுமிகள் நியூசிலாந்தில் அந்தக் குடும்பத்து மரம் ஒன்றின் இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். அந்த வகை மரங்களுக்கு 'டீ' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. யூகலிப்டஸ், நாவல், கொய்யா எல்லாமே அதுக்குப் பங்காளிகள்.

பங்காளிதான், ஆனா குணம் வேற. யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பகுதி சினியோல், மூக்கடைப்பைத் திறக்கிற சரக்கு. டீ ட்ரீயில் முக்கியமானது டெர்பினென்-4-ஓல், கிருமியை அடக்குவது. 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5% டீ ட்ரீ எண்ணெயையும் 5% பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். ரெண்டிலும் பரு குறைந்தது. எண்ணெய் மெதுவாத்தான் வேலை செய்தது, ஆனா எரிச்சல், வறட்சி குறைவு. கவனிங்க, அஞ்சு சதவீதம்! நூறில் அஞ்சு பங்கு. அதையும் நேரா பூசினா முகம் எரியும். 'இயற்கை'ன்னா சாதுன்னு அர்த்தமில்லை. நான் கன்னத்தைக் கொடுத்துக் கத்துக்கிட்ட பாடம் இது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு நெத்தியில பரு. அம்மா அலமாரியைத் திறந்தாங்க. நான் பாட்டிலை வாங்கி மேல்தட்டுல வச்சேன்.

"உங்க முட்டிக்குத் தேய்ச்சுக்கங்கம்மா. புள்ள முகத்துக்கு வேணாம், டாக்டர்கிட்ட காட்டலாம்."

அம்மா என் கன்னத்தைப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை.