ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் எடை வரம்பும் உருவ வேறுபாடும்

குத்துச்சண்டையின் எடைப்பிரிவுகளில் மேல்வரம்பு இல்லாத ஒரே பிரிவு ஹெவிவெயிட். தொழில்முறைப் போட்டிகளில் 200 பவுண்டுக்கு (90.7 கிலோ) மேல் எடையுள்ள அனைவரும் இதில் அடங்குவர். ஏறக்குறைய ஒரே எடையுள்ளவர்கள் மோத வேண்டும் என்பதற்காகவே எடைப்பிரிவுகள் வகுக்கப்பட்டன. 105 பவுண்டிலிருந்து 147 பவுண்டு வரையுள்ள பிரிவுகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 3 முதல் 7 பவுண்டுதான். ஹெவிவெயிட்டிலோ 50 பவுண்டு, 80 பவுண்டு, அதற்கும் மேற்பட்ட எடை வேறுபாட்டுடன் இருவர் உலகப் பட்டத்துக்கு மோதலாம். 200 பவுண்டுக்குக் குறைந்த ஒருவர் தானாக முன்வந்து இப்பிரிவில் இறங்கவும் தடையில்லை.

வரம்பின் வரலாறு

இங்கிலாந்தில் வெறுங்கைச் சண்டைகள் நடந்த 18ஆம் நூற்றாண்டில் எடைப்பிரிவு என்பதே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் லைட்வெயிட், மிடில்வெயிட், ஹெவிவெயிட் என்ற பிரிவுகள் வழக்கத்துக்கு வந்தன. ஆனால் அவற்றின் எல்லைகள் இடத்துக்கு இடம் மாறின. மிடில்வெயிட்டுக்கும் ஹெவிவெயிட்டுக்கும் நடுவில் சிக்கிய வீரர்களுக்காக 1903இல் சிகாகோவைச் சேர்ந்த லூ ஹவுஸ்மன் லைட் ஹெவிவெயிட் என்ற பிரிவை முன்மொழிந்தார். லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் 1909இல் எட்டு எடைப்பிரிவுகளை வரையறுத்தபோது லைட் ஹெவிவெயிட்டின் உச்சம் 175 பவுண்டு (79.4 கிலோ) என்று நிலைபெற்றது. அதற்கு மேற்பட்ட அனைவரும் ஹெவிவெயிட் எனக் கொள்ளும் முறை ஏறத்தாழ 70 ஆண்டுகள் நீடித்தது.

அக்காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. 1897இல் நெவாடாவின் கார்சன் நகரில் ஜிம் கார்பெட்டை வீழ்த்தி ஹெவிவெயிட் பட்டம் வென்ற பாப் ஃபிட்ஸிம்மன்ஸின் எடை 167 பவுண்டுதான். 49 போட்டிகளில் தோல்வியே காணாத ராக்கி மார்சியானோ 185 பவுண்டு அளவிலேயே சண்டையிட்டார். 1960களில் நிலை மாறத் தொடங்கியது. 1962இல் 189 பவுண்டு எடையுடன் பட்டத்தைக் காக்க இறங்கிய ஃப்ளாய்ட் பேட்டர்சனை 214 பவுண்டு எடையுள்ள சோனி லிஸ்டன் முதல் சுற்றிலேயே நாக் அவுட் செய்தார். 1970களில் 210 பவுண்டுக்கு மேற்பட்ட முன்னணி வீரர்கள் பெருகியதால், 180 பவுண்டைச் சுற்றி எடை கொண்டவர்களுக்கு வாய்ப்பு சுருங்கியது.

இதற்குத் தீர்வாக உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் க்ரூசர்வெயிட் என்ற பிரிவை ஏற்படுத்தியது. அதன் முதல் பட்டப் போட்டி 1979 டிசம்பரில் யுகோஸ்லாவியாவின் ஸ்ப்ளிட் நகரில் மாத்தே பார்லோவுக்கும் மார்வின் கேமலுக்கும் இடையே நடந்து சமநிலையில் முடிந்தது. 1980 மார்ச்சில் நடந்த மறுபோட்டியில் கேமல் வென்று முதல் சாம்பியன் ஆனார். தொடக்கத்தில் 190 பவுண்டாக இருந்த க்ரூசர்வெயிட் உச்சம் 2003 வாக்கில் 200 பவுண்டாக உயர்ந்தது. ஹெவிவெயிட்டின் கீழ்வரம்பும் அதோடு உயர்ந்தது.

எடையும் உயரமும் செயல்படும் விதம்

கூடுதல் எடை சண்டையில் மூன்று வகையில் பயன்படுகிறது. ஒரே வேகத்தில் வரும் குத்துகளில் பின்னால் நிற்கும் உடற்பாரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு தாக்கம் அதிகம். பருத்த கழுத்தும் உடலும் வாங்கும் அடியின் அதிர்வைக் குறைக்கின்றன. எதிராளியைக் கட்டிப்பிடித்து அவர் கழுத்தின் மீது சாய்வதன் மூலம் அவருடைய கால்களையும் மூச்சையும் களைப்படையச் செய்யலாம். 2020 பிப்ரவரியில் 273 பவுண்டு எடையுடன் வந்த டைசன் ஃப்யூரி, 231 பவுண்டு எடையுள்ள டியான்டே வைல்டரை இவ்வாறு சாய்ந்து அழுத்தியே சோர்வடையச் செய்து ஏழாம் சுற்றில் வென்றார்.

உயரமும் கைநீளமும் இதற்கு இணையாக முக்கியம். நீண்ட கையுள்ளவர் முன்கைக் குத்தாலேயே எதிராளியைத் தொலைவில் நிறுத்திவிடலாம். 198 சென்டிமீட்டர் உயரமுள்ள விளாடிமிர் கிளிச்கோ முன்கைக் குத்து, கட்டிப்பிடி என்ற முறையைக் கொண்டே பல ஆண்டுகள் கோலோச்சினார். பட்டப் போட்டிகளை 15 சுற்றுகளிலிருந்து 12 சுற்றுகளாகக் குறைக்கும் மாற்றம் 1980களில் வந்தது. இதுவும் பெரிய உடலுக்குச் சாதகம். மூச்சு வாங்கத் தொடங்கும் கடைசி மூன்று சுற்றுகள் இல்லாமல் போயின.

எடை எல்லாம் பலம் ஆகிவிடாது. பிற பிரிவுகளில் வீரர்கள் நீரைக் குறைத்து எடைக்கு வந்து, பிறகு மீண்டும் ஏற்றிக்கொள்கிறார்கள். ஹெவிவெயிட்டில் எட்ட வேண்டிய உச்சம் இல்லாததால் தராசு காட்டும் எண் பயிற்சியின் தரத்தையே காட்டிவிடும். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் மைக் டைசனை வீழ்த்தியபோது பஸ்டர் டக்ளஸின் எடை 231 பவுண்டு அளவில் இருந்தது. எட்டு மாதங்களுக்குப் பின் 246 பவுண்டாக வளையம் ஏறிய அவரை, 208 பவுண்டு எடையுடன் வந்த இவாண்டர் ஹோலிஃபீல்ட் மூன்றாம் சுற்றில் நாக் அவுட் செய்தார்.

குறிப்பிடத்தக்க போட்டிகள்

1919 ஜூலை 4 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் 187 பவுண்டு எடையுள்ள ஜாக் டெம்ப்சி, 245 பவுண்டும் ஆறரை அடிக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட ஜெஸ் வில்லர்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை தரையில் வீழ்த்தினார். மூன்றாம் சுற்றுக்குப் பின் வில்லர்ட் எழுந்து வரவில்லை. 1934இல் மயாமியில் நேர்ந்தது இதற்கு எதிரானது. லைட் ஹெவிவெயிட்டின் முன்னாள் சாம்பியனான டாமி லாஃப்ரன் 184 பவுண்டு; ஹெவிவெயிட் சாம்பியன் பிரிமோ கார்னெரா 270 பவுண்டு. 86 பவுண்டு வேறுபாட்டை லாஃப்ரனின் நேர்த்தியான ஆட்டத்தால் ஈடுசெய்ய முடியவில்லை. 15 சுற்றுகள் தாக்குப்பிடித்துப் புள்ளிகளில் தோற்றார்.

1941இல் நியூயார்க்கில் ஜோ லூயிஸை எதிர்த்த பில்லி கான் 174 பவுண்டுதான். 12 சுற்றுகள் முடிந்தபோது அவர் முன்னிலையில் இருந்தார். 13ஆம் சுற்றில் நாக் அவுட்டுக்காக நெருங்கிச் சென்று, தானே நாக் அவுட் ஆனார். 2003இல் 193 பவுண்டு எடையுள்ள ராய் ஜோன்ஸ், 226 பவுண்டு எடையுள்ள ஜான் ரூயிஸைப் புள்ளிகளில் வென்று பட்டம் பெற்றார்.

உருவத்தில் உச்சம் ரஷ்யாவின் நிக்கோலாய் வாலுயேவ். 213 சென்டிமீட்டர் உயரமுள்ள அவர் 2006இல் 328 பவுண்டு (148.8 கிலோ) எடையுடன் பட்டத்தைக் காத்தார். 2009 நவம்பரில் நியூரம்பர்க்கில் முன்னாள் க்ரூசர்வெயிட் சாம்பியன் டேவிட் ஹே அவரை எதிர்கொண்டபோது எடை வேறுபாடு ஏறத்தாழ 98 பவுண்டு. ஹே பன்னிரண்டு சுற்றும் விலகி விலகி ஓடி, இடைவெளி கிடைத்தபோது மட்டும் குத்திப் புள்ளிகளில் வென்றார்.

ஒலெக்சாண்டர் உஸிக்கின் வெற்றிகள் இந்த வரிசையில் தனித்தவை. க்ரூசர்வெயிட்டின் நான்கு பட்டங்களையும் வென்ற பின் ஹெவிவெயிட்டுக்கு வந்த அவர், 2024 மே 18 அன்று ரியாத்தில் 262 பவுண்டு எடையும் 206 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஃப்யூரியைச் சந்தித்தார். உஸிக்கின் உயரம் 191 சென்டிமீட்டர். ஒன்பதாம் சுற்றில் உஸிக்கின் இடக்கைக் குத்து பட்டு ஃப்யூரி தள்ளாடினார். தொடர்ந்து விழுந்த அடிகளில் வளையத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தடுமாறிப்போய்க் கயிற்றில் சாய்ந்தார். கயிறுதான் அவரை விழாமல் தாங்கியது என்று கருதி நடுவர் எண்ணத் தொடங்கினார். அந்தச் சுற்றே புள்ளிகளில் உஸிக்கின் வெற்றியைத் தீர்மானித்தது. டிசம்பரில் நடந்த மறுபோட்டிக்கு ஃப்யூரி 281 பவுண்டாக எடை கூட்டி வந்தார். 226 பவுண்டு எடையுள்ள உஸிக் மீண்டும் புள்ளிகளில் வென்றார்.

புதிய பிரிவும் ஒலிம்பிக் முறையும்

2020இல் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் 200 முதல் 224 பவுண்டு (101.6 கிலோ) வரையுள்ளவர்களுக்காக பிரிட்ஜர்வெயிட் என்ற பிரிவை அறிவித்தது. 2021 அக்டோபரில் ஆஸ்கர் ரிவாஸ் அதன் முதல் சாம்பியன் ஆனார். ஆனால் எல்லா அமைப்புகளும் இதை ஏற்கவில்லை. புகழும் ஊதியமும் ஹெவிவெயிட்டிலேயே குவிந்திருப்பதால் முன்னணி வீரர்கள் இதை நாடுவதும் குறைவு.

ஒலிம்பிக்கில் 1952 முதல் 1980 வரை 81 கிலோவுக்கு மேற்பட்ட அனைவரும் ஒரே பிரிவு. 1984இல் அது 91 கிலோ வரை ஹெவிவெயிட், அதற்கு மேல் சூப்பர் ஹெவிவெயிட் என இரண்டாகப் பிரிந்தது. பாரிஸ் 2024இல் ஆண்களுக்கான இந்த எல்லை 92 கிலோ. உஸ்பெகிஸ்தானின் இரண்டு மீட்டர் உயரமுள்ள பகோதிர் ஜலோலோவ் டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் சூப்பர் ஹெவிவெயிட் பிரிவில் தங்கம் வென்றார்.

மதிப்பீடு

பட்டப் போட்டிகளின் வரலாற்றைப் பார்த்தால், திறமையில் இணையான இருவருக்குள் எடை ஒரு சாதகமே தவிர, முடிவு அன்று. எடையோடு திறமையிலும் இடைவெளி இருக்கும்போதுதான் ஆபத்து கூடுகிறது. அங்கே காப்பாக நிற்பவர்கள் போட்டிக்கு அனுமதி தரும் ஆணையங்களும், சண்டையை உரிய நேரத்தில் நிறுத்தும் நடுவரும், மருத்துவருமே. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இப்பிரிவில் செய்யப்பட்ட மாற்றங்கள் அனைத்தும் கீழ்வரம்பை உயர்த்துவதாகவே அமைந்தன. மேல்வரம்பு இதுவரை வகுக்கப்படவில்லை.